முன் அனுபவம் இல்லை, ஊர் சேலம்: டப்பிங்குக்கும் நடிப்புக்கும் எங்கே தொடங்குவது?

அம்மாபேட்டைக்காரி

எல்லாருக்கும் வணக்கங்க. வயது 24. பி.காம். முடித்துவிட்டு ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறேன். வீட்டில் விசைத்தறி ஓடுகிறது. பள்ளிக்கூட ஆண்டுவிழா நாடகத்தைத் தவிர மேடை ஏறியதில்லை. ஆடிப் பண்டிகைக்கு எங்கள் தெரு மாரியம்மன் கோயிலில் மைக் பிடித்து அறிவிப்பு சொல்வது மட்டும் வருஷா வருஷம் நான்தான். குரல் நன்றாக இருக்கிறது என்று தெருவே சொல்கிறது. சீரியலுக்கு டப்பிங் பேச வேண்டும், வாய்த்தால் நடிக்கவும் வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை.

கேட்க நினைப்பது இரண்டு. வேலையை விட்டுவிட்டுச் சென்னைக்குப் போனால்தான் இது நடக்குமா? அப்புறம், இன்ஸ்டாகிராமில் ஒரு ஏஜென்சிக்காரர்கள் போட்டோ எடுத்து, நடிகர் என்று ஒரு கார்டு வாங்கித் தந்து, மூன்று மாதத்தில் வாய்ப்பும் தருகிறோம் என்று 35,000 ரூபாய் கேட்கிறார்கள். வளையலை அடகு வைத்துக் கட்டிவிடலாம் என்கிறார் அம்மா. கட்டலாமா?

ஐந்து ரோடு

ஒரு ரூபாய்கூடக் கட்டாதீங்க. வளையல் அம்மா கையிலேயே இருக்கட்டும்.

எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் இதே மாதிரி ஒரு இடத்தில் பணம் கட்டினான். போட்டோ எடுத்தார்கள், கழுத்தில் மாட்ட ஓர் அட்டை கொடுத்தார்கள். அந்த அட்டையை எந்தப் படக் கம்பெனியும் மதிக்கவில்லை. பிறகு அந்த போன் நம்பரே உபயோகத்தில் இல்லை.

ஆனால் சென்னைக்குப் போவதைப் பற்றி என் கருத்து வேறு. சேலத்தில் உட்கார்ந்துகொண்டு யாரும் நடிகர் ஆனதில்லை. ரஜினிகாந்த் பெங்களூரில் கண்டக்டராக இருந்தவர்தானே? பஸ்ஸிலேயே இருந்திருந்தால் யார் வந்து பார்த்திருப்பார்கள்? துணிந்து கிளம்ப வேண்டும்.

சாலிகிராமம் குரல்

தங்கச்சி, நான் நம் சேலம் குகைப் பகுதியில் பிறந்து வளர்ந்தவள். இப்போது சென்னையில் டப்பிங்தான் என் வேலை. பணம் கட்ட வேண்டாம் என்பதில் ஐந்து ரோடு அண்ணன் பக்கம்தான் நானும். கிளம்பிவிடு என்பதில்தான் சேரமாட்டேன். ரஜினி சும்மா கிளம்பி வந்துவிடவில்லையே. சென்னைக்கு வந்து திரைப்படக் கல்லூரியில் நடிப்புப் படித்தார், அதற்குப் பிறகுதான் 1975இல் முதல் படம். விஜய் சேதுபதி கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவில் கணக்கு எழுதும் வேலையில் சேர்ந்து, அங்கே நடிகர்கள் பயிற்சி எடுப்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர். சின்னச் சின்ன வேஷங்களாகச் செய்து, கதாநாயகனாக ஒரு படம் வந்தபோது வருடம் 2010. இரண்டு பேருமே பழக ஓர் இடம் தேடிக்கொண்டார்கள். உனக்கும் முதலில் வேண்டியது அதுதான். தப்பாகப் பேசினால் திருத்துகிற ஒரு காது வேண்டும். அது சேலத்திலேயே கிடைக்கும்.

டப்பிங் என்றால் நல்ல குரல் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். ஸ்டுடியோவுக்குள் வந்தால் குரலைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள், நேரத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்டு இன்ஜினியரும், ஆட்களைக் கூப்பிட்டுப் பேசவைக்கிற டப்பிங் இன்சார்ஜும். உன் எதிரே திரை, ஸ்டாண்டில் வசனத்தாள், காதில் ஹெட்போனில் பைலட் டிராக், அதாவது படப்பிடிப்பில் பதிவான குரல் ஓடும். திரையில் இருக்கிறவள் வாய் திறக்கும்போது நீ திறக்க வேண்டும், மூடும்போது மூட வேண்டும். நடுவில் அவள் மூச்சு வாங்கினால் நீயும் வாங்க வேண்டும். அழுகையும் இருமலும் திரும்பிப் பார்க்கையில் வருகிற ஒரு 'ம்'மும்கூட உன் கணக்குத்தான்.

இதற்கு இன்றைக்கே வீட்டில் ஒரு பயிற்சி தொடங்கலாம். 'அம்மா, எப்போ வந்தே?' என்று கண்ணாடி முன்னால் சொல்லிப் பார். 'ம்மா'வில் உதடு ஒட்டும். 'ப்போ'வில் மறுபடி ஒட்டும். 'வந்தே'யில் ஒட்டாது, கீழுதடு மேல்பல்லைத் தொடும். திரையில் உதடு ஒட்டுகிற இடத்தில் உன் வசனத்திலும் ப, ம வந்தாக வேண்டும். மற்ற எழுத்துகள் கொஞ்சம் தள்ளி விழுந்தால் பார்க்கிறவருக்குத் தெரியாது, இது தப்பினால் சின்னக் குழந்தைக்கும் தெரிந்துவிடும். அதனால்தான் இந்தி சீரியலைத் தமிழில் எழுதுகிறவர்கள், வசனத்தில் எங்கே 'ப' வருகிறது என்று பார்த்துப் பார்த்து எழுதுகிறார்கள். உனக்குப் பிடித்த ஒரு தமிழ்க் காட்சியை எடுத்துக்கொள். பத்து முறை சத்தத்தோடு பார். பிறகு சத்தத்தை அணைத்துவிட்டு நீ பேசி, போனில் பதிவு செய். இரண்டையும் சேர்த்து ஓடவிட்டுப் பார். முதல் வாரம் எதுவுமே சேராது. பரவாயில்லை, எல்லாருக்கும் அப்படித்தான்.

சங்கம் பற்றி: படத்துக்கும் சீரியலுக்கும் சென்னையில் டப்பிங் பேச வேண்டுமானால் டப்பிங் யூனியன் உறுப்பினராக இருக்க வேண்டும். அது சினிமாத் தொழிலாளர் சங்கங்களின் கூட்டமைப்பான ஃபெப்சியோடு சேர்ந்த சங்கம். கட்டணம் என்ன, எப்போது புது ஆட்களைச் சேர்க்கிறார்கள் என்பதைச் சங்க அலுவலகத்திலேயே நேரில் கேள். நடுவில் எந்த ஆளும் வேண்டாம். 'நான் வாங்கித் தருகிறேன்' என்று ஒருவர் வந்தால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்.

அம்மாபேட்டைக்காரி

அக்கா, படிக்கும்போதே உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். ரொம்ப நன்றிங்க. ஏஜென்சிக்கு வேண்டாம் என்று மெசேஜ் போட்டாச்சு. 'இன்று மட்டும் 20,000' என்று பதில் வந்தது. பிளாக் செய்துவிட்டேன்.

ஆத்தூர் உதவி இயக்குநர்

நல்லது செய்தீங்க. ஒரு படத்துக்கு ஆள் எடுக்கும்போது நாங்கள் யாரிடமும் காசு வாங்குவதில்லை. நடிக்கிறவருக்குத்தான் நாங்கள் கொடுக்க வேண்டும். ஆடிஷன் கட்டணம், பதிவுக் கட்டணம், பயிற்சிக்குப் பிறகு கட்டாய வாய்ப்பு என்று எது கேட்டாலும் விலகிவிடலாம்.

நடிப்புக்கு உள்ளே வர முதல் வாசல் இப்போது போன்தான். 'வீடியோ அனுப்புங்க' என்றுதான் எல்லா இடத்திலும் கேட்கிறார்கள். ஒரு வேஷத்துக்கு நூற்றுக்கணக்கில் வந்து குவியும், அத்தனையையும் நான்தான் உட்கார்ந்து பார்க்கிறேன். பாதியை முதல் பத்து வினாடியில் தள்ளிவிட வேண்டி வருகிறது என்பது எனக்கே வருத்தம். நன்றாக நடிக்கிறவர்கள் அதில் நிறையப் பேர் இருப்பார்கள், முகமே தெரியாது. ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றிருப்பார்கள். பின்னால் டிவி ஓடும். அழகாகக் காட்டுகிற ஃபில்டர் போட்டிருப்பார்கள்.

ஜன்னலைப் பார்த்து நில்லுங்கள், பகல் வெளிச்சம் போதும். பின்னால் வெறும் சுவர். போனைப் படுக்கைவாக்கில் திருப்பிக் கண் உயரத்தில் நிறுத்துங்கள், நெஞ்சுக்கு மேல் தெரிந்தால் போதும். முதலில் பெயர், வயது, உயரம், ஊர், தெரிந்த மொழிகள். இடப்பக்கம் ஒருமுறை, வலப்பக்கம் ஒருமுறை திரும்பிக் காட்டுங்கள். பிறகு காட்சி. எதிர்ப்பாத்திரத்தின் வசனத்தைக் கேமராவுக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று சாதாரணமாகப் படிக்க, நீங்கள் அவரைப் பார்த்துப் பேசுங்கள். லென்ஸையே முறைத்துப் பார்க்க வேண்டாம்.

இன்னொன்று. எல்லாரும் அழுது காட்டுகிறார்கள், இல்லாவிட்டால் கத்துகிறார்கள். எங்களுக்கு அது தேவையே இல்லை. எதிரில் இருப்பவர் பேசும்போது நீங்கள் கேட்கிறீர்களா என்றுதான் நான் பார்ப்பேன். ஜவுளிக்கடையில் பில் போடுகிறவர் என்றீர்கள். விலை கேட்டுவிட்டுச் சேலையை மெதுவாக மடித்து வைக்கிற ஒருத்தி முகம் எப்படி மாறுகிறது என்று தினமும் பார்க்கிறீர்கள். அதை வீட்டுக்குப் போய்ச் செய்து பாருங்கள். வசனமே வேண்டாம். அந்த வேலையை இப்போதைக்கு விட்டுவிடாதீர்கள், வேறெந்த நடிப்புப் பள்ளியிலும் அவ்வளவு முகங்கள் கிடைக்காது.

கன்னங்குறிச்சி

வயதானவன் ஒரு வார்த்தை சொல்லலாமா? சேலத்தில் உட்கார்ந்து யாரும் நடிகர் ஆனதில்லை என்று தம்பி ஐந்து ரோடு எழுதியதைப் படித்து மனசு கேட்கவில்லை. ஏற்காடு ரோட்டில் நிற்கிற அந்த மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோ நுழைவு வளைவு சும்மா வளைவா? டி.ஆர். சுந்தரம் 1935இல் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கினார். 1937இல் முதல் படம் 'சதி அகல்யா'. அடுத்த வருஷம் மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' இந்தச் சேலத்தில்தான் தயாரானது. 1956இல் தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம் 'அலிபாபாவும் 40 திருடர்களும்', அதுவும் இங்கேதான். நடிகர்கள் மாதச் சம்பளத்துக்கு வேலை செய்த இடம். சென்னையிலிருந்து ரயிலேறி இங்கே வந்தார்கள்.

அன்றைக்கு வந்தவர்களில் நிறையப் பேர் நாடகக் கம்பெனிகளில் சின்ன வயதிலிருந்தே தேறியவர்கள். மைக் இல்லாமல் கடைசி வரிசைவரை பேசிப் பழகியவர்கள். அதைத்தான் உனக்குச் சொல்ல வந்தேன் பாப்பா, முதலில் கூட்டத்துக்கு முன்னால் நின்று பழகு. கோயில் மைக்கை விட்டுவிடாதே.

ஐந்து ரோடு

ஐயா, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தக் காலத்தில் ஸ்டுடியோ இங்கே இருந்தது. இன்றைக்கு வளைவுதான் இருக்கிறது. வேலை எல்லாம் வடபழனியிலும் சாலிகிராமத்திலும் இருக்கும்போது, ஆள் இங்கே இருந்தால் 'நாளைக் காலை ஒன்பது மணிக்கு வா' என்று கூப்பிட்டால் எப்படிப் போவது? இதற்கு யாராவது பதில் சொல்லுங்க.

சாலிகிராமம் குரல்

அண்ணன் கேட்பது நியாயமான கேள்வி. ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியும்போது சென்னை. ஒரு ஆடிஷனுக்கு அது போதும். ஆனால் டப்பிங் தினசரி வேலையாகிவிட்டால் இங்கே இருந்துதான் ஆக வேண்டும், அதை நான் மறைக்க மாட்டேன். இன்சார்ஜ் போன் செய்தால் ஒரு மணி நேரத்தில் போய் நிற்கிறவளைத்தான் அடுத்த முறையும் கூப்பிடுவார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் கிடைப்பது கூட்டக் குரல்தான். சந்தைக் காட்சி, கல்யாண வீடு, கலவரம் என்று நாலைந்து பேர் மைக்கைச் சுற்றி நின்று பேசுவோம். பெயர் வராது, காசும் கம்மி. ஆனால் பெரிய ஆட்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று பக்கத்திலேயே நின்று பார்க்கலாம்.

என் கருத்து, கையில் ஆறு மாதச் செலவுக்குப் பணமும் கேட்டுக் காட்ட நாலு நல்ல பதிவும் இல்லாமல் யாரும் வீட்டைக் காலி செய்து வரக்கூடாது. பசியோடு இருக்கிற பெண்ணை ஏமாற்றுவது சுலபம். அதை இங்கே நிறையப் பார்த்துவிட்டேன்.

டப்பிங்கைச் சின்ன வேலை என்று யாராவது சொன்னால், விக்ரமை நினைத்துக்கொள். 'அமராவதி'யில் அஜித்துக்கும் 'காதலன்' படத்தில் பிரபுதேவாவுக்கும் குரல் கொடுத்தவர் அவர்தான். அப்போது அவரும் நடிகர்தான். வாய்ப்பு சரியாக அமையாத காலத்தில் குரலை வைத்து நின்றார்.

ஒண்டிக்கடை

ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். இங்கே ஷூட்டிங் வந்தால் உள்ளூர் ஆட்களைக் கூட்டி நிறுத்தும் வேலை செய்கிறேன். கூட்டத்தில் நிற்பதால் நடிகர் ஆகிவிட முடியாது, ஆனால் ஷூட்டிங் என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. பேட்டா, அதாவது நாள்படி, அன்றன்றைக்கே கையில் வந்துவிட வேண்டும், முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

காலையில் மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்து, படகுத்துறைப் பக்கம் காத்துக்கிடப்பதுதான் பாதி வேலை. பனி இறங்கினால் கேமராவுக்கு எதுவும் தெரியாது, விலகும்வரை உட்கார வேண்டியதுதான். விலகினால் ஓட வேண்டும். அதே காட்சி தொடர்ந்தால் நேற்று போட்ட சட்டையையே இன்றும் போட வேண்டும். போன தடவை ஒரு தம்பி முதல் நாள் காட்சியில் டீக்கடை பெஞ்சில் ஹீரோவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். மறுநாள் முடிவெட்டிக்கொண்டு வந்துவிட்டான். அந்தப் பக்கமே கேமராவைத் திருப்ப முடியாமல் போனது. கேமராவைப் பார்க்கக் கூடாது, போனில் படம் எடுக்கக் கூடாது, 'ஒன் மோர்' என்றால் முகம் சுளிக்கக் கூடாது. இந்த மூன்றும் இருந்தால் அடுத்த ஷூட்டிங்குக்கும் கூப்பிடுவேன். பெண்பிள்ளைகள் வந்தால் வீட்டிலிருந்து ஒருவரைக் கூட்டி வரச் சொல்வேன், வண்டியும் அவர்களுக்குத்தான் முதலில்.

மேச்சேரி

எங்கள் அப்பா கூத்துக் கலைஞர். அண்ணன்மாரும் அக்காமாரும் சென்னை, பெங்களூர் என்று பேசுகிறீர்கள். மேச்சேரி, எடப்பாடி, ஓமலூர் பக்கம் இன்னும் விடிய விடியக் கூத்து நடக்கிறது. ஒரு ராத்திரி முழுக்க ஒரே குரலில் பாடிப் பேசி ஆடி, காலையில் தொண்டை கட்டாமல் வீட்டுக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். மூச்சை எங்கே எடுப்பது, அடிவயிற்றிலிருந்து எப்படித் தள்ளுவது என்று அவர்களிடம் கேட்டால் சொல்லித் தருவார்கள். வெறுங்கையோடு போய்க் கேட்காமல், தட்சிணை வைத்து, முறையாகக் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். அவர்களுடைய கலைக்கு அந்த மரியாதை தர வேண்டும். கூத்துக் குரலை அப்படியே மைக் முன்னால் போட்டால் அதிகமாகத்தான் இருக்கும், ஆனால் இருக்கிற பலத்தைக் குறைப்பது எளிது.

முறையாகப் படிக்க நினைத்தால் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் நிகழ்கலைப் பள்ளி இருக்கிறது, நாடகத்தில் முதுகலை படிக்கலாம். தேசிய நாடகப் பள்ளிக்குப் பெங்களூரில் ஒரு மையம் உண்டு. நமக்குச் சென்னையைவிடப் பெங்களூர் பக்கம்.

ஓமலூர் அம்மா

நடுவில் கேட்பதற்கு மன்னிக்கணுங்க. என் மகளுக்கு ஒன்பது வயது. விளம்பரத்தில் நடிக்கக் கேட்டிருக்கிறார்கள். பள்ளிக்கூடம் கெடுமே என்று அவள் அப்பா தயங்குகிறார்.

ஆத்தூர் உதவி இயக்குநர்

அவர் தயங்குவது சரிதான் அக்கா. இதற்குச் சட்டமே இருக்கிறது. குழந்தை ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது, ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. மாவட்ட ஆட்சியரிடம் தயாரிப்பாளர் அனுமதி வாங்க வேண்டும். சம்பளத்தில் 20 சதவீதத்தையாவது குழந்தை பெயரில் வங்கியில் நிரந்தர வைப்பாகப் போட வேண்டும். இதை எல்லாம் எழுத்தில் கேளுங்கள். 'அதெல்லாம் யாரும் பார்ப்பதில்லை' என்கிற கம்பெனிக்குப் பிள்ளையை அனுப்ப வேண்டாம்.

அம்மாபேட்டைக்காரி

ஒரு கதையைப் படித்துப் பதிவு செய்து லிங்க் போட்டிருக்கிறேன். தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் எடுத்தேன், எழுத்துகள் நாட்டுடைமையான (அரசு எல்லாருக்கும் பொதுவாக்கிய) எழுத்தாளர் ஒருவரின் கதை. போனில்தான் பதிந்தேன். தறிச்சத்தம் கேட்கிறது, என்ன செய்தும் போகவில்லை. அக்கா, கேட்டுவிட்டு உள்ளது உள்ளபடி சொல்லுங்க.

சாலிகிராமம் குரல்

இரண்டு முறை கேட்டேன் தங்கச்சி. கதையை நாட்டுடைமையில் எடுத்தது நல்ல யோசனை. மற்றவர்கள் எழுத்து என்றால் ஆசிரியர் இறந்து 60 வருஷம்வரை உரிமை உண்டு, கேட்காமல் படித்துப் போடக் கூடாது.

கிழவி பேசுகிற இடம் ரொம்ப நன்றாக வந்திருக்கிறது. நீ கிழவி மாதிரிக் குரலை மாற்றவில்லை, வேகத்தைத்தான் குறைத்தாய். அதை யாரும் சொல்லித் தந்திருக்க முடியாது.

இனி திருத்த வேண்டியது. ஒவ்வொரு வாக்கியமும் கடைசியில் கீழே விழுகிறது. 'போனான்', 'சொன்னாள்' எல்லாம் காற்றாகப் போகிறது. நம் மொழியில் வினைச்சொல் கடைசியில்தானே வருகிறது, அது கேட்காவிட்டால் என்ன நடந்தது என்றே தெரியாது. வாக்கியம் முடிகிறவரை மூச்சை மிச்சம் வை. அடுத்தது, 'மழை'யும் 'வாழை'யும் உனக்கு ளகரமாக விழுகிறது. நம் ஊரில் பலருக்கும் அப்படித்தான். கதை படிக்க இது திருந்த வேண்டும். ஆனால் சேலத்துப் பேச்சை மறந்துவிடாதே, ஒரு படம் இந்தப் பக்கத்தில் நடந்தால் அதற்குத்தான் உன்னைத் தேடுவார்கள். மூன்றாவது, கோயில் மைக் பழக்கம். எல்லா வாக்கியத்தையும் தெருக்கோடிக்குச் சொல்கிறாய். இங்கே கேட்பவர் ஒரே ஆள், உன் காதுக்குப் பக்கத்தில் இருக்கிறார்.

தறிச்சத்தத்துக்கு: அது காற்றில் மட்டும் வரவில்லை, தரை வழியாகவும் வருகிறது. போனை மேஜையில் வைக்காமல், நாலாக மடித்த போர்வைமேல் ஸ்டாண்டை வை. துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்து அதைப் பார்த்துப் படி, எதிரொலி அடங்கும். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு ஜாண் இடைவெளி விட்டுக் கொஞ்சம் பக்கவாட்டில் வை, 'ப' வெடிக்காது. ஒலியைத் திருத்துகிற ஆடாசிட்டி மென்பொருள் இலவசம்தான், அதில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கிற உறுமலை வெட்டிவிடு. மைக் வாங்குவதாக இருந்தால் உன் வீட்டுக்குப் பக்கத்துச் சத்தத்தை மட்டும் அதிகம் பிடிக்கிற டைனமிக் மைக்தான். நுணுக்கமாகப் பிடிக்கிற கண்டென்சர் மைக் வாங்கினால் பக்கத்துத் தெருத் தறியும் கேட்கும்.

ஆத்தூர் உதவி இயக்குநர்

கிழவி இடம் எனக்கும் பிடித்தது. நண்பர் ஒருவர் சேலத்தில் குறும்படம் எடுக்கிறார், சம்பளம் கிடையாது, சாப்பாடும் பயணச் செலவும் உண்டு. விருப்பம் இருந்தால் தனிச்செய்தியில் சொல்லுங்கள். முழு ஸ்கிரிப்டையும் படித்துப் பார்த்த பிறகு ஒப்புக்கொண்டால் போதும்.

அம்மாபேட்டைக்காரி

அனுப்புங்கண்ணா, ஞாயிறு என்றால் கடை லீவு. இன்னொரு சந்தேகம். ஓர் ஆடியோ ஆப்காரர்கள் பதிவைக் கேட்டுவிட்டு, ஒரு மணி நேரக் கதைக்குச் சம்பளம் பேசியிருக்கிறார்கள். ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருக்கிறது. 'எல்லாத் தொழில்நுட்பங்களிலும், எக்காலத்துக்கும்' என்று ஒரு வரி வருகிறது. பரவாயில்லையா?

சாலிகிராமம் குரல்

கையெழுத்துப் போடாதே, பொறு. அந்த வரியை வைத்துக்கொண்டு உன் குரலை ஏஐக்குப் பழக்கி, நீ இல்லாமலே ஆயிரம் கதை படிக்க வைக்கலாம். 'இந்தப் பதிவை இந்தக் கதைக்கு மட்டும் பயன்படுத்தலாம், குரலை நகலெடுக்கவோ இயந்திரத்துக்குப் பயிற்சி தரவோ கூடாது' என்று தனியாக ஒரு வரி சேர்க்கச் சொல்லி மின்னஞ்சல் போடு. சம்பளம், திருத்தி முடித்த ஒரு மணி நேர ஒலிக்கா, நீ வேலை செய்கிற நேரத்துக்கா என்பதையும் கேள். ஒரு மணி நேர ஒலிக்குப் படிப்பதும் திருத்துவதும் சேர்ந்து நாலைந்து மணி நேரம் போய்விடும். மறுபதிவு எத்தனை முறை இலவசம் என்பதும் எழுத்தில் வேண்டும். அவர்கள் ஒத்துக்கொண்டால் பேசு. ஒத்துக்கொள்ளாவிட்டால் அந்தப் பதிவு உன்னிடம்தானே இருக்கிறது, இன்னொரு இடத்துக்கு அனுப்பு. ஒப்பந்தத்தில் பெயரையும் தொகையையும் மறைத்துவிட்டு எனக்குத் தனிச்செய்தியில் அனுப்பி வை, ராத்திரி ஷிப்ட் முடித்துவிட்டு வரி வரியாகப் பார்த்துச் சொல்கிறேன்.